தலையைத் தாழ்த்தப் பழகிய நான்கு ஆண்டுகள்

கோபிசெட்டிபாளையத்தை அடுத்த எங்கள் தோட்டத்துக் கிணற்றில், முதுகில் காய்ந்த சுரைப்புருடையைக் கட்டிக்கொண்டு ஏழு வயதில் நீந்தக் கற்றேன். இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி சித்தப்பா படியில் நிற்பார். நான்காம் நாள் புருடையை அவிழ்த்தார், அடுத்த வாரம் கயிற்றையும் அவிழ்த்தார். அந்தக் கோடை முடிவதற்குள் மோட்டார் மேடையிலிருந்து குதிக்கவும், அடியில் கிடக்கும் கல்லை முங்கி எடுத்து வரவும் தேறிவிட்டேன். அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, நீச்சல் எனக்குத் தெரிந்த கலை என்பதில் எனக்குச் சிறு ஐயமும் இருந்ததில்லை. என் 41ஆம் வயதில், சென்னையில் ஒரு 25 மீட்டர் குளத்தில் 100 மீட்டரை நிற்காமல் நீந்த முயன்று, மூன்றாவது நீளத்தின் நடுவிலேயே லேன் கயிற்றைப் பற்றிக்கொண்டு மூச்சிரைக்க நின்ற அன்றுதான், தண்ணீரில் மூழ்காமல் இருக்கத் தெரிவதும் தண்ணீரில் முன்னேறிச் செல்லத் தெரிவதும் இரு வேறு திறன்கள் என்பது எனக்குப் புரிந்தது.

அந்த நாளிலிருந்து இப்போது நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இடையில் ஓராண்டைத் தவறான வரிசையில் முயன்று வீணாக்கினேன். எதை முதலில் திருத்த வேண்டும், எதைக் கடைசி வரை தள்ளிப்போட வேண்டும் என்பதை அப்போதே யாராவது சொல்லியிருந்தால் அந்த ஓராண்டும், அதில் நான் பட்ட தோள்வலியும் மிச்சமாகியிருக்கும். கைகளை மாறி மாறி வீசி நீந்தும் ஃப்ரீஸ்டைலை வளர்ந்த பிறகு சீர்படுத்த நினைப்பவர்களுக்காக அந்த வரிசையை எழுதுகிறேன்.

கிணற்று நீச்சலில் எவரும் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து நீந்துவதில்லை. அதற்குத் தக்க காரணங்கள் இருந்தன. மேலேயிருந்து யார் எப்போது குதிப்பார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்படிகளிலும் உறிஞ்சு குழாயிலும் தலை மோதாமல் காத்துக்கொள்ள வேண்டும். பாசி படர்ந்த பச்சைத் தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தாலும் ஒன்றும் தெரியாது. பத்துப் பன்னிரண்டு வீச்சில் எதிர்ச்சுவர் வந்துவிடுவதால், மூச்சைப் பிடித்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி, கைகளால் தண்ணீரைக் கீழே அழுத்திக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடலாம். அந்த இடத்துக்கு அது பொருத்தமான நீச்சல்தான். ஆனால் நீண்ட தூரத்துக்கு அதை எடுத்துச் சென்றால், நிமிர்ந்த தலை, அடக்கிய மூச்சு, கீழ்நோக்கி அழுத்தும் கை ஆகிய மூன்று பழக்கங்களும் ஒன்றுக்கொன்று துணை நின்று ஆளைச் சோர்வடையச் செய்கின்றன.

நான் அப்போது செய்த பிழை, களைப்புக்குக் காரணம் உடல் வலுவின்மை என்று முடிவு செய்ததுதான். காலையில் ஓடினேன். கைகளுக்கு வலுவேற்ற, உள்ளங்கையில் மாட்டிக்கொள்ளும் பேடில்களை வாங்கி, வாரத்தில் ஐந்து நாள் அவற்றோடு நீந்தினேன். ஓட்டத்தில் 5 கிலோமீட்டர் எளிதாயிற்று, ஆனால் குளத்தில் 50 மீட்டருக்கு மேல் போக முடியவில்லை. ஏழாம் மாதத்தில் வலது தோளின் முன்பக்கத்தில் வலி தொடங்கி, சட்டை மாட்டக் கையைத் தூக்குவதே கடினமாகியது. இயன்முறை மருத்துவர் ஆறு வாரம் நீந்தக்கூடாது என்றார். அந்த ஆறு வார ஓய்வில்தான், தண்ணீரில் என் உடல் என்ன செய்கிறது என்பதை இதுவரை ஒருவரிடமும் பார்க்கச் சொல்லவில்லையே என்பது உறைத்தது.

ஓய்வு முடிந்ததும் ஒரு பயிற்சியாளரைத் தேடிப் போனேன். மாநில அளவிலான போட்டிகளில் நீந்தியவர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். இரண்டு நீளம் நீந்தச் சொல்லிக் கரையிலிருந்து பார்த்துவிட்டு, கையைப் பற்றியோ காலைப் பற்றியோ எதுவும் சொல்லாமல், "சார், மூச்சை எங்க விடுறீங்க?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. மூச்சை இழுப்பதைப் பற்றித்தான் அதுவரை கவலைப்பட்டிருந்தேன். முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சை அடக்கி வைத்திருந்து, தலையைத் திருப்பிய அந்த ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் பழைய காற்றை வெளியேற்றவும் புதிய காற்றை இழுக்கவும் முயன்றுகொண்டிருந்தேன். இரண்டுக்கும் அங்கே நேரமில்லை. ஒவ்வொரு முறையும் பாதிக் காற்று உள்ளேயே தங்கிவிட, நாலைந்து வீச்சுகளில் நெஞ்சு இறுகிவிடும்.

நமக்கு மூச்சு முட்டுகிற உணர்வைத் தூண்டுவது பெரும்பாலும் உடலில் சேரும் கரியமில வாயுதான், உயிர்வளியின் பற்றாக்குறை அன்று என்பதை அவர் விளக்கினார். வெளியேற்றாத காற்றில் அந்த வாயு சேரச் சேர, உயிர்வளி போதுமான அளவில் இருக்கும்போதே மூளை அபாயம் என்று கூவத் தொடங்கும். ஆகவே முதல் இரண்டு வாரம் நான் நீந்தவே இல்லை. நெஞ்சளவுத் தண்ணீரில் நின்று, முகத்தை அமிழ்த்தி, மூக்கின் வழியாக 'ம்ம்ம்' என்ற ஒலியோடு காற்றைச் சீராக விட்டு, எழுந்து வாயால் இழுத்து, மீண்டும் அமிழ்ந்தேன். ஒரு நாளைக்கு ஐம்பது முறை. முனகும்போது காற்று தானாகவே விட்டுவிட்டுப் போகாமல் ஒரே ஓட்டமாகப் போகிறது என்பதால் அந்த ஒலி உதவியது. அடுத்து, முழுக் காற்றையும் விட்டுவிட்டுக் குளத்தின் அடியில் உட்காரச் சொன்னார். நெஞ்சில் காற்று மிஞ்சியிருந்தால் உடல் கீழே இறங்காது என்பதால், எவ்வளவு காற்றை என்னையறியாமல் பிடித்து வைத்திருந்தேன் என்பதை அந்தப் பயிற்சி காட்டிக்கொடுத்தது. அடியில் உட்கார முதல் நாள் என்னால் முடியவே இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இது மூச்சை விடும் பயிற்சி, அடக்கும் பயிற்சி அன்று. வேகவேகமாகப் பல முறை மூச்சிழுத்துவிட்டு முங்குவதும், யார் அதிக நேரம் உள்ளே இருக்கிறார்கள் என்று போட்டி போடுவதும், முன்னறிகுறி ஏதுமின்றித் தண்ணீருக்குள்ளேயே நினைவிழக்கச் செய்யக்கூடியவை. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் ஆழமில்லாத குளத்தில் இப்படி இறந்திருக்கிறார்கள். அடியில் உட்காரும் பயிற்சியை, ஒருவர் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, சில நொடிகளுக்கு மட்டுமே செய்ய வேண்டும்.

மூச்சு சீரான பிறகே தலைக்கு வந்தோம். மனித உடலில் நுரையீரல்தான் மிதவை. அது நெஞ்சுக்குள் இருக்கிறது. காற்றில்லாத, எலும்பும் தசையும் நிறைந்த கால்கள் அந்த மிதவையிலிருந்து தொலைவில் இருப்பதால் அவை தாழ்வது இயல்பு. தராசின் ஒரு தட்டைப் போல, தலையை உயர்த்தினால் இடுப்பும் காலும் இறங்கும், தலையைத் தாழ்த்தி நெஞ்சைச் சற்று அழுத்தினால் இடுப்பு எழும். நம் தலையின் எடை சுமார் 5 கிலோ. தண்ணீருக்குள் இருக்கும்போது அதைத் தண்ணீரே தாங்கும். வெளியே தூக்கிவிட்டால் கைகள்தாம் தாங்க வேண்டும். தண்ணீரின் அடர்த்தி காற்றைப் போல ஏறத்தாழ 800 மடங்கு என்பதால், சாய்ந்து தொங்கும் கால்கள் ஒரு பலகையைக் குறுக்கே நிறுத்தி இழுப்பதற்கு ஒப்பானவை. அதோடு, வேகம் கூடும்போது தண்ணீரின் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கமாகவும், அதை வெல்லத் தேவையான ஆற்றல் மும்மடிப் பெருக்கமாகவும் கூடுகின்றன. கணக்குப் போட்டுப் பார்த்தால், வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டுவதற்கு ஆற்றலை மூன்றில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் உடலின் ஆற்றலை அப்படிக் கூட்டிக்கொண்டே போக முடியாது, ஆனால் தடையைக் குறைக்க முடியும். ஓடி ஓடி வலுவேற்றிய அந்த ஓராண்டு ஏன் பயன் தரவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

அமெரிக்க நீச்சல் வீரர் ஜானி வைஸ்முல்லர் 1922இல், உலகிலேயே முதல்முறையாக 100 மீட்டரை ஒரு நிமிடத்துக்குள், 58.6 நொடியில் நீந்தியபோது தலையை நன்றாக உயர்த்தியே நீந்தினார். நான் அதைச் சுட்டிக்காட்டி என் பயிற்சியாளரிடம் வாதிட்டதுண்டு. மேலுடலைத் தண்ணீருக்கு மேலே நிறுத்தி வைக்கும் அளவுக்கு வலுவான உதையும் வேகமும் உடைய ஓர் இளைஞர் ஒரு நிமிடம் செய்ததை, அலுவலகத்தில் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் நான் அரைமணி நேரம் செய்ய எண்ணுவது பொருந்தாது என்பதைப் பிறகு ஏற்றுக்கொண்டேன். வளர்ந்தவர்களுக்குக் கற்பிப்பதையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்ட டெர்ரி லாஃப்லின், 1989இல் தொடங்கிய 'டோட்டல் இமெர்ஷன்' முறையில் உடலின் சமநிலையையே முதல் பாடமாக வைத்தார். அந்த முறையின் எல்லாக் கூறுகளையும் நான் பின்பற்றவில்லை என்றாலும், முதல் பாடம் எதுவாக இருக்க வேண்டும் என்பதில் அவர் கண்டது சரி என்றே என் உடல் சொல்கிறது.

சமநிலைக்காக நான் செய்த பயிற்சிகள் இரண்டே. முதலாவது, சுவரை உந்தி, கைகளைத் தலைக்கு முன் நீட்டி, கால்களை ஆட்டாமல், அசைவு நிற்கும் வரை மிதந்து போவது. பார்வை குளத்தின் தரையில், நேர் கீழே இருக்க வேண்டும். பின்கழுத்தில் சுருக்கம் தெரிந்தால் தலை நிமிர்ந்திருக்கிறது என்று பொருள். தொடக்கத்தில் 4 மீட்டரில் கால்கள் இறங்கிவிட்டன. இரண்டு மாதத்தில் 7 மீட்டர் வரை போனேன். இரண்டாவது, ஒரு கையை முன்னே நீட்டி, மறு கையைத் தொடையில் வைத்து, பக்கவாட்டில் சாய்ந்த நிலையில் மெதுவாக உதைத்துச் செல்வது. இது அலுப்பூட்டும் பயிற்சி. தண்ணீர் மூக்கில் ஏறும், முதல் வாரத்தில் நகரவே மாட்டோம். ஆனால் ஃப்ரீஸ்டைல் என்பது வயிற்றின் மேல் படுத்து நீந்தும் நீச்சல் என்று நான் கொண்டிருந்த எண்ணத்தை இதுதான் மாற்றியது. நல்ல நீச்சலாளர் ஒரு பக்கச் சாய்விலிருந்து மறு பக்கச் சாய்வுக்கு மாறிக்கொண்டே போகிறார். வயிறு முழுமையாகத் தரையைப் பார்ப்பது அந்த மாற்றத்தின் நடுவில் ஒரு கணம் மட்டுமே.

இந்தக் கட்டத்தில் கால்கள் ஏன் எனக்கு ஒத்துழைக்கவில்லை என்பதும் தெரியவந்தது. முழங்காலை மடக்கி, சைக்கிள் மிதிப்பது போல உதைத்துக்கொண்டிருந்தேன். கணுக்கால் விறைப்பாக இருந்ததால் பாதம் பின்னோக்கி நீளாமல் தரையை நோக்கித் தொங்கி, தண்ணீரை முன்னோக்கித் தள்ளியது. மிதவைப் பலகையான கிக் போர்டைப் பிடித்து உதைத்தால் இருந்த இடத்திலேயே நிற்பேன். ஓட்டப் பயிற்சி செய்பவர்களுக்கு இந்த விறைப்பு கூடுதலாக இருக்கும். தினமும் இரவில் ஐந்து நிமிடம் வஜ்ராசனத்தில் உட்கார்ந்தேன். பாதத்தின் மேற்புறம் தரையில் படியும் அந்த இருக்கை கணுக்காலுக்கு வேண்டிய நீட்சியைத் தருகிறது. முழங்காலில் வலி இருப்பவர்கள் தொடைக்கடியில் தலையணை வைத்துக்கொள்ளலாம். மூன்று மாதத்தில் பாதம் தளர்ந்தது. இடுப்பிலிருந்து சிறிதாக உதைக்கப் பழகிய பிறகு, நீண்ட தூரத்துக்கு ஒரு கைவீச்சுக்கு ஓர் உதை போதும் என்ற முறைக்கு மாறினேன். கால்களுக்குப் பெரிய தசைகள் இருப்பதால் அவை மிகுதியாக மூச்சைத் தின்னும். என்னைப் போன்றவர்களுக்கு உதையின் பணி உடலைச் சமன்செய்து திருப்புவதுதான், உந்தித் தள்ளுவது அன்று.

மூச்சிழுக்கத் தலையைத் திருப்புவதில் பலரும் செய்யும் தவறையே நானும் செய்தேன். திருப்புவதற்குப் பதிலாகத் தூக்கினேன். தண்ணீரைக் கிழித்துப் போகும் தலைக்கு முன்னால் சிறு அலை எழும்பும்போது, அதை அடுத்து வாயருகே ஒரு பள்ளம் உண்டாகிறது. அந்தப் பள்ளத்துக்குள், சுற்றியுள்ள நீர்மட்டத்தைவிடத் தாழ்வாக, காற்று கிடைக்கிறது. இதை நம்புவதுதான் கடினம். வாய் தண்ணீரின் விளிம்பை ஒட்டி இருக்கும்போது இழுத்தால் தண்ணீர்தான் வரும் என்று உடல் அஞ்சுகிறது. நீச்சல் கண்ணாடியின் ஒரு வில்லை தண்ணீருக்குள்ளும் மற்றது வெளியிலும் இருக்க வேண்டும் என்ற குறிப்பு எனக்குப் பெரிதும் உதவியது. கழுத்தைத் தனியே திருப்பாமல், உடல் சாயும்போது அதனோடு சேர்ந்து தலையும் திரும்ப வேண்டும். முன்னே நீட்டிய கை அந்த நேரத்தில் கீழே அழுந்தாமல் நிற்க வேண்டும். அந்தக் கை அழுந்தினால் சாய்வதற்குத் தாங்கல் இல்லாமல் போய், சமநிலை தவறி, கால்கள் கத்திரிக்கோல் போல விரியும். கால்கள் விரிவதைக் கண்டு காலைத் திருத்தப் பல வாரம் முயன்றேன். பிழையின் வேர் முன்னே நீட்டிய கையில் இருந்தது. ஃப்ரீஸ்டைலில் குறை தெரிகிற இடமும் குறை பிறக்கிற இடமும் பெரும்பாலும் வேறாக இருப்பதால், தனியாகத் திருத்திக்கொள்வது கடினமாகிறது.

அதனால்தான் கைபேசிப் படத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். தண்ணீர் புகாத உறை ஒன்றை வாங்கி, நண்பர் ஒருவரிடம் கொடுத்து, எதிரிலிருந்தும் பக்கத்திலிருந்தும் தண்ணீருக்கடியிலும் படமெடுக்கச் சொன்னேன். என் வலது கை தோளுக்கு நேராகத் தண்ணீரில் இறங்குவதாக நான் உறுதியாக உணர்ந்திருந்தேன். படத்தில் அது தலையின் நடுக்கோட்டைத் தாண்டி இடப்பக்கம் போய் இறங்கியது. கட்டைவிரல் முதலில் புகுமாறு உள்ளங்கை வெளிப்புறம் திரும்பியிருந்தது. கையை உட்புறம் சுழற்றி, நடுக்கோட்டைத் தாண்ட விட்டு, அந்த நிலையிலேயே எடையேற்றி அழுத்துவது தோள்மூட்டில் தசைநாண்களை நெருக்கும் என்று மருத்துவர் முன்பு விளக்கியிருந்ததன் பொருள் அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த நிலையில் உள்ள கையின் மேல் பேடிலையும் மாட்டி ஏழு மாதம் இழுத்திருந்தேன்.

இந்தப் பிழையைத் திருத்தப் பயிற்சியாளர் சொன்ன வழியைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். தலையைக் கடிகாரத்தின் 12 என்று வைத்துக்கொண்டு, வலக் கையை 2இலும் இடக் கையை 10இலும் வைப்பதாக நினைத்து நீந்தச் சொன்னார். கைகளை அகல விரித்துத் தவளையைப் போல நீந்துவதாகவே எனக்குத் தோன்றியது. படமெடுத்துப் பார்த்தால் கைகள் தோளுக்கு நேராகச் சரியாக இறங்கின. பல ஆண்டுப் பழக்கம் உடலின் உணர்வையே கோணலாக்கியிருக்கும்போது, சரியான நிலை தவறாகத்தான் தோன்றும். அது இயல்பாகத் தோன்றத் தொடங்க எனக்கு நான்கு மாதம் ஆயிற்று.

ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு இப்படிப் போன பிறகு என் குறிப்பேட்டில் இருந்த கணக்கு இது. தொடக்கத்தில் 25 மீட்டருக்கு 29 வீச்சு, 37 நொடி. மூச்சும் சமநிலையும் சீரான பின் 21 வீச்சு, 34 நொடி. கைகளின் வலுவுக்காக எதுவும் செய்யாமலே எட்டு வீச்சு குறைந்தது எனக்குப் பெரும் ஊக்கமாக இருந்தது. அந்த ஊக்கத்தில் அடுத்த தவற்றைச் செய்தேன். வீச்சைக் குறைப்பதையே இலக்காக்கி, ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் கையை நீட்டிக்கொண்டே வழுக்கிச் சென்றேன். 17 வீச்சில் கடந்தேன், ஆனால் 40 நொடி ஆயிற்று. வழுக்கும்போது வேகம் குறைந்து, ஏறக்குறைய நின்றுபோகும் உடலை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிளப்ப வேண்டியிருந்தது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று புறப்படும் பேருந்துக்கு எரிபொருள் கூடுதலாகச் செலவாவது போலத்தான் இதுவும். அன்றிலிருந்து வீச்சின் எண்ணிக்கையையும் நொடியையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையைத்தான் பார்க்கிறேன். நீச்சல் கைக்கடிகாரங்கள் 'ஸ்வோல்ஃப்' என்று காட்டுவது இதையே. அதன்படி 66ஆக இருந்தது 55ஆகக் குறைந்து, நான் வழுக்கத் தொடங்கியதும் 57ஆக ஏறியது. பின்னால் வரும் கை தலையைக் கடந்து தண்ணீரில் நுழையும் வேளையில் முன்னே நீட்டிய கை தன் இழுப்பைத் தொடங்கிவிட வேண்டும் என்ற நேர ஒழுங்குக்கு வந்த பிறகு, 20 வீச்சு, 31 நொடி, கூட்டுத்தொகை 51 என்று நிலைத்தது. இந்த எண்ணை இன்னொருவரின் எண்ணோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. உயரத்துக்கும் கை நீளத்துக்கும் ஏற்ப அது மாறும்.

கையின் இழுப்பை, அதாவது எல்லோரும் முதலில் தொடங்கும் இடத்தை, நான் கடைசியாகத்தான் தொட்டேன். தண்ணீருக்கடியில் கை ஆங்கில எழுத்தான 'எஸ்' வடிவில் வளைந்து வர வேண்டும் என்று கல்லூரிக் காலத்தில் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஜேம்ஸ் கவுன்சில்மன், சிறந்த நீச்சலாளர்களை நீருக்கடியில் படமெடுத்து ஆராய்ந்து, அவர்களின் முழங்கை மடங்குவதையும் கை வளைந்து வருவதையும் கண்டு சொன்னதிலிருந்து பரவிய கருத்து அது. ஒலிம்பிக் நீச்சல் வீரர் மார்க் ஸ்பிட்ஸைப் பயிற்றுவித்த அவரே, 1979இல் தம் 58ஆம் வயதில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார் என்பதால் அவர் மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு. ஆயினும் அந்த வளைவை வேண்டுமென்றே வரைய வேண்டியதில்லை என்பதே இன்றைய பயிற்சியாளர்கள் பலரின் கருத்து. உடல் சாய்ந்து திரும்பும்போது சிறு வளைவு தானாகவே உண்டாகும். நாம் கவனிக்க வேண்டியது முன்கையும் உள்ளங்கையும் சேர்ந்து ஒரே துடுப்பாகப் பின்னோக்கிப் பார்க்கின்றனவா என்பதைத்தான்.

'முழங்கையை உயரமாக வை' என்ற அறிவுரை எனக்குப் பல மாதம் வெறும் சொல்லாகவே இருந்தது. அது விளங்கியது கிணற்றின் நினைவால். படிக்கட்டு எட்டாத பக்கத்தில், சுவரில் நீண்டிருக்கும் கல்லைப் பற்றி ஏறும்போது முதலில் உள்ளங்கையைக் கல்லின் மேல் பதிப்போம். பிறகு முழங்கையைக் கைக்கு மேலே உயர்த்தி, அங்கேயே நிற்கும் கையைத் தாண்டி உடலை மேலே தூக்குவோம். முழங்கை முதலில் கீழே சரிந்தால் ஏற முடியாது. ஃப்ரீஸ்டைலின் இழுப்பும் அதே அசைவுதான், கிடைமட்டமாகச் செய்யப்படுகிறது. நீட்டிய கையின் விரல்நுனிகள் முதலில் தரையை நோக்கித் திரும்புகின்றன. முழங்கை நீர்மட்டத்துக்கு அருகிலேயே நிற்க, முன்கை செங்குத்தாகிறது. பிறகு அந்த இடத்தைப் பற்றிக்கொண்டு உடல் அதைக் கடந்து போகிறது. குளத்தின் ஏணியைப் பயன்படுத்தாமல் கரையில் கையூன்றி ஏறும்போதெல்லாம் இப்போதும் அந்த வடிவத்தை நினைவுபடுத்திக்கொள்கிறேன்.

இதற்கான பயிற்சியில் அவசரம் கூடாது. குப்புற மிதந்து, கைகளை முன்னே நீட்டி, முன்கைகளை மட்டும் உள்ளும் புறமுமாக மெதுவாக ஆட்டி, உள்ளங்கையில் உண்டாகும் அழுத்தத்தை உணரும் பயிற்சியை ஒவ்வொரு நாளும் நூறு மீட்டர் அளவுக்குச் செய்தேன். விரல்களை மூடிக் கைமுட்டியாக வைத்து 25 மீட்டர், விரித்து 25 மீட்டர் என்று மாற்றி மாற்றி நீந்தினேன். உள்ளங்கை இல்லாதபோது முன்கைதான் தண்ணீரைப் பிடித்தாக வேண்டும் என்பதால் முழங்கை தானாகவே உயர்கிறது. விரல்களை விரித்ததும் கை இருமடங்கு பெரியதாகிவிட்டதைப் போலத் தோன்றும். கையைத் தண்ணீரில் வைத்த உடனே கீழே அழுத்தும் என் கிணற்றுப் பழக்கம் முழுவதும் போகவில்லை. களைத்த நேரத்தில் அது திரும்ப வரும். நெஞ்சு எழுந்து கால் தாழ்வதை உணர்ந்தால் அது வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வேன்.

தோளைப் பற்றி ஒரு சொல். நாற்காலியில் முன்குனிந்து வேலை செய்பவர்களின் மேல்முதுகு இறுகியிருப்பதால், கையைத் தலைக்கு மேலே நீட்டும்போது தோள்மூட்டு அளவுக்கு மீறி ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது. ரப்பர் பட்டையால் தோளின் சிறு தசைகளுக்கு வாரம் மூன்று முறை பயிற்சி, சுருட்டிய துண்டை மேல்முதுகின் குறுக்கே வைத்துப் படுத்துச் சில நிமிட நீட்சி, இவ்விரண்டையும் நான் விட்டதில்லை. தோளின் முன்பக்கத்தில் குத்தும் வலி தோன்றினால் அன்று குளத்தை விட்டு ஏறிவிடுவேன். தசைச் சோர்வைப் பொறுத்துக்கொள்ளலாம், மூட்டு வலியைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. பேடில்களை மூன்று ஆண்டுகள் தொடவே இல்லை.

பயிற்சியை அமைத்துக்கொள்வதில் எனக்குப் பயன்பட்டவை எளியவை. வாரம் மூன்று நாள், காலை 6 மணிக்கு, 45 நிமிடம். ஒரு நாளில் ஒரே ஒரு குறை மீது மட்டும் கவனம். தொடர்ந்து நீந்தாமல் 25 மீட்டர் நீந்தி 20 நொடி ஓய்வு. வடிவம் குலைந்துவிட்டால் அந்தத் துண்டை அங்கேயே நிறுத்திவிடுவேன். களைத்த உடல் பழைய பழக்கத்தைத்தான் தேடிப் போகும் என்பதால், குலைந்த வடிவத்தில் நீந்தும் ஒவ்வொரு நீளமும் அந்தப் பழக்கத்தையே உறுதியாக்குகிறது. கோடை விடுமுறையில் பல குளங்களில் பதினைந்து நாள் முகாம் நடத்துகிறார்கள். நானும் ஒன்றில் சேர்ந்து பார்த்தேன். குளத்தை எப்படியாவது குறுக்கே கடக்கச் செய்வதுதான் அங்கே நோக்கம். முப்பது பேருக்கு ஒரு பயிற்சியாளர் இருக்கும்போது அதற்கு மேல் எதிர்பார்க்கவும் முடியாது. மாதம் இரண்டு முறை தனியாகப் பார்த்துத் திருத்தும் ஒருவரும், இடைப்பட்ட நாள்களில் உண்மையைக் காட்டும் ஒரு கைபேசியும் எனக்கு அந்த முகாமைவிடப் பல மடங்கு உதவின.

இரண்டாம் ஆண்டின் இறுதியில் 400 மீட்டரை நிற்காமல் நீந்தினேன். சென்ற ஆண்டு அதை 8 நிமிடம் 50 நொடியில் முடித்தேன். இவ்வாண்டு தொடக்கத்தில், அனுபவம் மிக்க ஒரு குழுவோடு, துணைக்கு ஒரு படகும் இடுப்பில் கட்டிய ஆரஞ்சு நிற மிதவையுமாக, நீலாங்கரைக் கடலில் நீந்தத் தொடங்கியிருக்கிறேன். சென்னைக் கடற்கரையில் நீரோட்டம் ஆளைக் கரையிலிருந்து இழுத்துச் செல்லக்கூடியது என்பதால், இத்தகைய துணை இல்லாமல் எவரும் இறங்கக் கூடாது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கரையோர நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடும். நேராக நீந்துவதாக நினைத்துக்கொண்டிருக்கும்போதே நெடுந்தூரம் தள்ளப்பட்டுவிடுவோம். அதனால் எட்டுப் பத்து வீச்சுக்கு ஒரு முறை தலையை நிமிர்த்திக் கரையில் ஓர் அடையாளத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குளத்திலேயே நீந்திப் பழகிய இளைஞர்கள் இதில் தடுமாறுகிறார்கள். எனக்கு அது ஏழு வயதிலேயே கைவந்தது. ஒரே வேறுபாடு, அப்போது முழுத்தலையும் வெளியே இருந்தது. இப்போது கண்கள் மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே வந்து, அடையாளமாக வைத்திருக்கும் மஞ்சள் நிற மாடிவீட்டைப் பார்த்துவிட்டு இறங்க வேண்டும். மூச்சு அந்த நேரத்தில் இல்லை, இறங்கிய பிறகு பக்கவாட்டில்தான். கண்ணோடு வாயும் சேர்ந்து வெளியே வந்துவிட்டால் இடுப்பு தாழ்வது உடனே தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் 1 கிலோமீட்டர் வரை போய்வருகிறேன். இடப்பக்கம் மூச்சிழுக்கும்போது மட்டும் வலக் கை இன்னும் சற்றுக் கீழே அழுந்துகிறது. இந்த மாதம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.